விழுந்தால் ஏற முடிகிற படகு

திருப்பூருக்குக் கடல் கிடையாது. மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பொன்னானிக்குப் போனால் 200 கிலோமீட்டருக்குள் அரபிக்கடல். தெற்கே தூத்துக்குடி 300 கிலோமீட்டருக்கும் மேல். இங்கே தொழில் செய்கிறவர்களுக்குத் தூத்துக்குடி என்றதும் நினைவுக்கு வருவது அட்டைப்பெட்டிகளை ஏற்றிச் செல்லும் கண்டெய்னரும், கப்பல் கிளம்பும் தேதியும்தான். என் வயதுக்காரர்கள் கடலைக் கடலாகப் பார்த்தது ராமேஸ்வரத்திலும் திருச்செந்தூரிலும். அதுவும் முழுக்குப் போடும் ஆழம் வரை. இன்றைய பிள்ளைகள் அந்த ஆழத்தைத் தாண்டிப் போக நினைக்கிறார்கள். சென்னை அருகே கோவளத்திலோ, தூத்துக்குடியிலோ ஒருமுறை கயாக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சொந்தமாக வாங்குவதென்றால் எதை வாங்குவது, கயாக்கா சர்ஃப்ஸ்கியா என்று கேட்கிறார்கள். எதையும் விவரத்தாளைப் பார்த்து வாங்கிப் பழகிய ஊர் இது. நிட்டிங் மெஷின் என்றால் டயா என்ன, கேஜ் என்ன, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றுதான் பேச்சு தொடங்கும். அதே பழக்கத்தில் படகுக்கும் நீளம் என்ன, எடை என்ன, எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும் என்று கேட்கிறார்கள். அலையுள்ள கடலில் ஓட்டப்போகும் படகுக்கு இவை இரண்டாம் நிலைக் கேள்விகள் என்பது என் உறுதியான கருத்து. அதிலிருந்து விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

முதலில் படகுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்க்டிக் குளிரில் வாழ்ந்த மக்கள் தோலால் போர்த்திச் செய்த வேட்டைப் படகுதான் கயாக். இடுப்புவரை படகுக்குள் நுழைத்துக்கொண்டு, இடுப்பைச் சுற்றி மூடி கட்டி, தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வார்கள். கவிழ்ந்தாலும் வெளியே வராமல் துடுப்பாலேயே உருண்டு நிமிர்வார்கள். அந்தத் தண்ணீரில் வெளியே வந்தால் குளிரே கொன்றுவிடும். இன்றைய கடல் கயாக் அதன் வாரிசு. இரண்டாவது வகை, உள்ளே நுழையாமல் மேலேயே உட்காரும் பிளாஸ்டிக் கயாக். 1970-களில் கலிபோர்னியாவில் டிம் நீமியர் போன்றவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். இதில் நிரம்புவதற்குக் குழியே இல்லை. தட்டில் விழும் தண்ணீர் துளைகள் வழியே கீழே போய்விடும். மூன்றாவது சர்ஃப்ஸ்கி: இதிலும் மேலேதான் உட்கார வேண்டும், ஆனால் உட்காரும் இடம் குழிவாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் போர்ட் மக்குவாரி அருகே சிப்பி வளர்த்த மெக்லாரன் சகோதரர்கள் 1912 வாக்கில் இப்படி ஒன்றைப் பயன்படுத்தினார்கள் என்பார்கள். 1933-இல் மேன்லி கடற்கரையில் கிராக்கன்தார்ப் என்ற மருத்துவர் அதற்கு வடிவம் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். பெருமை யாருக்குப் போனாலும் வேலை ஒன்றுதான்: அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய் வருவது. கடற்கரை உயிர்காப்புச் சங்கங்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. பிறகு பந்தயம் வந்தது. பந்தயம் அதை நீட்டியது, ஒடுக்கியது. இன்று உச்சப் பந்தயத்தில் ஓடும் சர்ஃப்ஸ்கி 6.4 மீட்டர் நீளம், 43 சென்டிமீட்டர் அகலம். கார்பனில் செய்தால் 10 முதல் 12 கிலோதான் எடை. கையால் தூக்கிப் பார்த்தால் ஆசை வராமல் இருக்காது.

அந்த நீளம் வீணல்ல. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகு தனக்கென ஓர் அலையை எழுப்புகிறது. படகு குட்டையாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே அந்த அலையில் அது சிக்கிக்கொள்ளும். பழைய கணக்குப்படி 4 மீட்டர் படகுக்கு அந்த எல்லை மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர், 6 மீட்டர் படகுக்கு சுமார் 11. ஒல்லியான உடல் அந்த எல்லையையும் ஓரளவு மீறும். கடல் அலையைப் பிடித்து ஓடுவதற்கு இது முக்கியம். ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் கால இடைவெளியைப் பொறுத்தது: ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 3 விநாடி என்றால் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர், 4 விநாடி என்றால் 22-க்கும் மேல். துடுப்புப் போடும் மனிதன் நிதானமாகப் போகும் வேகம் 8 அல்லது 9. இடையிலுள்ள தூரத்தை நிரப்ப வேண்டியது சில விநாடி மூச்சைப் பிடித்துப் போடும் துடுப்பும், அலையின் சரிவில் படகு தானாக இறங்கும் வேகமும். இதில் சர்ஃப்ஸ்கியை எந்தக் கயாக்கும் வெல்ல முடியாது. ஹவாயில் மொலோக்காய் தீவிலிருந்து ஒவாஹுவுக்கு நடக்கும் 50 கிலோமீட்டருக்கும் மேலான பந்தயத்தில், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அலை மாற்றி அலை பிடித்துப் போகிறவர்களைப் பார்த்தால், மனிதக் கையால் ஓடும் படகு இவ்வளவு அழகாகப் போக முடியுமா என்றே தோன்றும். சர்ஃப்ஸ்கியை விரும்புகிறவர்கள் தவறான பொருளை விரும்பவில்லை. அவர்கள் பார்ப்பது அந்தப் படகின் சிறந்த மணி நேரத்தை. வாங்குகிறவர் அதன் மோசமான ஐந்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை அகலம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. மற்றவை சமமாக இருந்தால், படகு சாயாமல் நிற்கும் தன்மை நீரைத் தொடும் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. பயிற்சிக்கென்று பலரும் வாங்கும் எபிக் வி8 போன்ற சர்ஃப்ஸ்கியின் அகலம் 56 சென்டிமீட்டர். அதே நிறுவனத்தின் பந்தயப் படகான வி14-இன் அகலம் 43. பார்வைக்கு ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. கணக்கில் அது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த 13 சென்டிமீட்டரில்தான், பக்கவாட்டில் ஓர் அலை தட்டும்போது துடுப்பைத் தொடர்ந்து போடுவதும் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றித் தடுமாறுவதும் பிரிகின்றன. தடுமாறி விழுந்தவர் மறுபடி ஏற வேண்டும். நெஞ்சளவுக்கு மேல் ஆழமான நீரில், கால் ஊன்ற இடமில்லாமல், வழுக்கும் படகின் குறுக்கே வயிற்றை இழுத்துப் போட்டு, திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே வைக்க வேண்டும். அமைதியான அணைநீரில் இது இரண்டு நாளில் பழகிவிடும். அலையில் முதல் முறை ஏறும்போது பாதி பலம் போகும். மூன்றாவது முறை ஏறும்போது கை நடுங்கும். ஏறிய வேகத்திலேயே மறுபக்கம் விழுவதுதான் ஒடுங்கிய படகுகளில் வழக்கமாக நடப்பது. நீந்தத் தெரிந்தவர்களும் களைத்துப்போவது இங்கேதான்.

நம் கரையில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. சோழமண்டலக் கரை பெரும்பாலும் நேரான, திறந்த, செங்குத்தாக ஆழமாகும் மணற்கரை. ஒதுங்க இயற்கையான குடா அரிது. தூரத்திலிருந்து வரும் அலை சிறிது சிறிதாக உடைந்து வலுவிழக்காமல் கரைக்குப் பக்கத்தில் வந்து மொத்தமாக விழுகிறது. சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டி முடிவதற்கு முன் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் இந்த அலையைத் தாண்டித்தான் கரைக்கு வந்தார்கள். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அப்படிப்பட்ட படகும் கவிழும். அதனால் அதன் பக்கத்திலேயே கட்டுமரங்கள் போகும். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கி எடுப்பது கட்டுமரக்காரர்களின் வேலை. உயிர் காத்தவர்களுக்கு அந்நாளில் பதக்கம் கொடுத்ததும் உண்டு. கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோவதும் அவர்கள்தான், தலையில் தண்ணீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் வைத்து. வேறு எந்தப் படகும் இறங்கத் துணியாத நாளிலும் கட்டுமரம் இறங்கும். 1697-இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலத்து மக்கள் இதை அழைக்கும் பெயரை எழுதிவைத்தார். மதராஸ் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் வகைகளை ஊர் ஊராகப் பார்த்து ஆவணப்படுத்தினார். ஆஸ்திரேலியாவில் சர்ஃப்ஸ்கிக்கு உயிர்காப்புப் படகு என்ற பெயர் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே, அதே வேலையை நம் கரையில் நான்கைந்து மரத்துண்டுகள் செய்துகொண்டிருந்தன. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பெருமிதம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

பெருமிதத்தைத் தாண்டி, இதில் நமக்குத் தேவையான பாடம் இருக்கிறது. கட்டுமரத்தைக் கரையில் சாதாரணமாகப் பார்த்த கடைசித் தலைமுறை எங்களுடையதாக இருக்கலாம். மெரினாவுக்குச் சுற்றுலா போனவர்கள் மணலில் கயிறு அவிழ்த்துக் காயப்போட்டிருந்த மரங்களைப் பார்த்திருப்பார்கள். வெறும் விறகு அடுக்கி வைத்திருப்பதாகவே உள்நாட்டுக்காரன் கண்ணுக்குத் தெரியும். அதன் அறிவு அந்த இடைவெளிகளில் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே தண்ணீர் மேலேயும் வரும், கீழேயும் போகும். ஆகவே அதை மூழ்கடிக்கத் தண்ணீரால் முடியாது. அலை மேலே விழுந்தால் அடுத்த கணமே வடிந்துவிடும். புரண்டாலும் அது படகாகவே இருக்கும், ஏறி உட்காரலாம். இதே மூன்று குணங்களும் மேலே உட்காரும் கயாக்கில் உண்டு. சர்ஃப்ஸ்கியில் ஒன்று குறைகிறது. அதுவும் மூடிய உடல்தான், மூழ்காது. ஆனால் உட்காரும் குழி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அடியிலுள்ள வடிகால், படகு ஓடும்போது மட்டுமே தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும். நின்றால் வடியாது. விழுந்து ஏறியவரிடம் வேகம் இருக்காது. குழியில் தண்ணீர் தளும்பத் தளும்ப, அந்தத் தண்ணீரே படகை இன்னும் ஆட்டும். நல்ல ஓட்டக்காரர் நாலு துடுப்பில் வேகமெடுத்து வடித்துவிடுவார். கற்றுக்கொள்கிறவர் அந்த நாலு துடுப்புக்கு முன்பே திரும்ப விழுவார்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: கட்டுமரம் அவ்வளவு நல்லதென்றால் மீனவர்களே ஏன் கைவிட்டார்கள்? நியாயமான கேள்வி. 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கரையில் ஏற்றி இறக்கக்கூடிய புதிய படகுகளைச் சோதித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. மீன் தூரமாகப் போனது, எஞ்சின் தேவைப்பட்டது, பெரிய வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏற்ற இடம் தேவைப்பட்டது, தரமான மென்மரம் கிடைப்பது அரிதானது. இத்தனை காரணங்களில் அலையைத் தாண்ட முடியாமல் போனது என்பது ஒன்றாக இல்லை. சரக்கு ஏற்றாத, எஞ்சின் வைக்காத, ஒரே ஆளாகத் துடுப்புப் போட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவருக்கு மீனவர் கைவிட்ட காரணம் எதுவும் பொருந்தாது. மீனவர் அதை வைத்திருந்ததற்கான காரணங்கள் எல்லாம் பொருந்தும்.

இன்னொரு மறுப்பு, படித்தவர்களிடமிருந்து வருவது: பாதுகாப்புதான் முக்கியம் என்றால் உள்ளே நுழைந்து உட்காரும் கடல் கயாக்கே சிறந்தது அல்லவா? உலகின் நீண்ட கடல் பயணங்கள் அதில்தானே நடந்திருக்கின்றன? உண்மை. ஜெர்மனியின் ஆஸ்கர் ஸ்பெக் 1932-இல் உல்ம் நகரில் மடிக்கும் கயாக் ஒன்றில் கிளம்பி, இந்தியாவின் கரையையும் இலங்கையையும் தொட்டுக்கொண்டு, 1939-இல் ஆஸ்திரேலியாவின் வடக்குத் தீவுகளை அடைந்தார். நம் கரையை ஒட்டி ஒரு மனிதன் தனியாகத் துடுப்புப் போட்டுப் போயிருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய செய்தி! பல நாள் பயணத்துக்கு, உணவும் கூடாரமும் ஏற்றிச் செல்வதற்கு, அந்த வகைப் படகுக்கு நிகரில்லை. ஆனால் அதன் பாதுகாப்பு படகில் பாதியும் ஓட்டுகிறவர் உடம்பில் பாதியுமாக இருக்கிறது. கவிழ்ந்தால் உருண்டு நிமிரத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெளியே வர வேண்டும். வந்தால் குழியில் தண்ணீர் நிரம்பும். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அந்தப் பாரத்தோடு அலை உடைகிற இடத்தில் படகு பக்கவாட்டில் உருண்டு வரும்போது, அதற்கும் கரைக்கும் நடுவே ஆள் நின்றால் எலும்பு முறியும். (எந்தப் படகானாலும் இது பொது விதி: விழுந்தால் படகுக்குக் கடல் பக்கம் இருங்கள், கரைப் பக்கம் நிற்காதீர்கள்.) குளிரிலிருந்து காக்கவே அந்த மூடிய வடிவம் பிறந்தது. வங்கக் கடலின் மேல்நீர் பெரும்பாலான மாதங்களில் 27 முதல் 30 டிகிரி. நமக்குக் குளிர் எதிரி இல்லை, வெயிலும் களைப்பும்தான். எதிரி மாறும்போது கவசமும் மாற வேண்டும். உருளும் வித்தையைப் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்று, பத்துக்கு ஒன்பது முறை நிமிர்கிறவர் கடல் கயாக் வாங்கட்டும். அவருக்கு என் வாதம் தேவையில்லை.

மூன்றாவது மறுப்புதான் திருப்பூரில் அதிகம் கேட்கும்: இப்போது அகலமானதை வாங்கினால் இரண்டு வருடத்தில் அது போதாமல் போகும், பிறகு இன்னொன்று வாங்க வேண்டும், நேராக ஒடுங்கியதையே வாங்கிப் பழகிவிட்டால் பணம் மிச்சம். வியாபாரக் கணக்காக இது சரியாகத் தெரியும். ஆனால் கடலில் பழக்கம் எப்படி வருகிறது என்பதை இது கவனிக்கவில்லை. துடுப்புப் போடும் முறையை உடல் கற்றுக்கொள்வதற்கு ஆயிரக்கணக்கான துடுப்பு வீச்சுகள் பயமில்லாமல் போட வேண்டும். ஒடுங்கிய படகில் பயந்துகொண்டே போடுகிறவர் கற்றுக்கொள்வது துடுப்பை அல்ல, தடுமாற்றத்தை. மொலோக்காய் பந்தயத்தை 12 முறை வென்ற தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் சலுப்ஸ்கி பல ஆண்டுகளாக வலியுறுத்தியது இதையே: முதலில் நிலையாக உட்காரும் படகு, திறமை அதன் பிறகு. அவரும், 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்காவின் கிரெக் பார்ட்டனும் சேர்ந்து வளர்த்த நிறுவனம்தான் மேலே சொன்ன எபிக். பந்தயத்தையே வாழ்க்கையாகக் கொண்ட இருவர் வளர்த்த நிறுவனத்தின் பட்டியலில் ஒல்லிப் படகுகளோடு 54, 56 சென்டிமீட்டர் படகுகளும் இருப்பது யோசிக்க வேண்டிய செய்தி. அலையுள்ள நாளில் நடுத்தர ஓட்டக்காரர் அகலமான படகில்தான் வேகமாகவும் போகிறார், ஏனென்றால் அவர் பலம் சமாளிப்பதில் செலவாகாமல் முன்னே போவதில் செலவாகிறது. ஒடுங்கிய படகை வாங்கியவர்களில் பலர் அதைக் கூரையில் தொங்கவிட்டு விட்டுவிடுகிறார்கள். பயன்படாமல் தொங்கும் படகில் மிச்சம் என்று ஒன்றுமில்லை.

விழுவதைப் பற்றிப் பேசும்போது காற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்காரருக்குக் கடற்கரைக்காரருக்கு நிகரான அறிவு இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காற்று எங்கள் வழியாகத்தான் போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசியில் தொடங்கி ஆடியில் உச்சம் தொட்டு, பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குக் காற்று; தெற்கே ஆரல்வாய்மொழி வழியே நுழைவதும் அதன் உறவுதான். கிழக்குக் கடற்கரையில் அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் கச்சான் என்பார்கள். கரையில் நிற்பவருக்குத் தண்ணீர் அழகாகத் தெரியும். கரையோரம் அலையே இருக்காது. நூறு மீட்டர் தள்ளிப் போனதும் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் படகு வெளியே ஓடும், திரும்பினால் முகத்தில் அறையும். இந்த நாளில் விழுந்தால், ஆளில்லாத 12 கிலோ சர்ஃப்ஸ்கி நீந்துகிறவரைவிட வேகமாகக் காற்றோடு போய்விடும். காலையும் படகையும் இணைக்கும் கயிறு இல்லாமல் ஆழக்கடலுக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான். அகலமான பிளாஸ்டிக் கயாக்குக்கும் இந்தக் காற்றில் ஒரு பலவீனம் உண்டு: வேகம் குறைவு, உடல் உயரம், எதிர்காற்றில் ஊர்ந்துதான் வரும். இதை ஒப்புக்கொள்கிறேன். விடை ஒடுங்கிய படகு அல்ல. அந்தக் காற்றில் இறங்காமல் இருப்பது. ஆடியில் ஊரில் காற்றாலை வேகமாகச் சுற்றும் வாரத்தில் தூத்துக்குடிக்குப் படகைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

காற்றே இல்லாமல் வரும் ஆபத்தும் இருக்கிறது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, நம் வானம் தெளிவாக இருக்கும்போதே கேரளத்திலும் குமரிக் கரையிலும் வந்து எழும். கள்ளக்கடல் என்பது அதன் பெயர். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது அப்படிப்பட்ட எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். அவர்கள் படகில்கூட இல்லை. அந்தச் செய்தியை நினைக்காமல் குமரிக் கடலை என்னால் நினைக்க முடிவதில்லை. கடலுக்குக் கிளம்பும் முன் இன்காய்ஸ் தளத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இனி வாங்கும் வேலை. இங்கே திருப்பூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. 20 அடி கண்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர் என்பது ஏற்றுமதி செய்கிற யாருக்கும் தெரியும், 6.4 மீட்டர் சர்ஃப்ஸ்கி அதில் நுழையாது, 40 அடிக்குப் போக வேண்டும். 5.5 மீட்டர் படகு நுழையும். இரண்டும் நான்கு மீட்டர் காரின் தலையில் கட்டி 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகக்கூடிய பொருள்கள் அல்ல என்பதையும் யோசிக்க வேண்டும்; மேலே உட்காரும் கயாக் மூன்றரை, நான்கு மீட்டரில் கிடைக்கிறது. அடுத்தது பழுது. பிளாஸ்டிக் கயாக்கை மணலில் இழுக்கலாம், கல்லில் உரசலாம். கண்ணாடி இழைப் படகில் விரிசல் விட்டால், ஃபைபர் படகு உள்ள எந்தக் குப்பத்திலும் ரெசினும் மேட்டும் வைத்து ஒட்டத் தெரிந்தவர் இருப்பார். ஆனால் அவர் பயன்படுத்துவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். எப்பாக்சியில் செய்த கார்பன் படகில் அது சரியாகப் பிடிக்காது. உடையைப் பொறுத்தவரை, நம் ஊரின் பெருமையான பருத்தி பனியனை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8.5 சதவீதம் ஈரம் வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம். கடலில் நனைந்த பருத்தி கனக்கும், அக்குளை அறுக்கும், படகில் ஏறும்போது கீழே இழுக்கும். ஸ்பாண்டெக்ஸ் கலந்த, முழுக்கை, வெயில் தடுக்கும் துணி நல்லது. அதையும் நம் ஊரிலேயே நிட் செய்து தைக்க முடியும். அதன்மேல் லைஃப் ஜாக்கெட், எந்த நாளிலும், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும்.

எங்கே பழகுவது என்பதும் படகுத் தேர்வின் பகுதிதான். நொய்யலை நாம் வைத்திருக்கும் நிலையில் அதில் படகு பற்றிப் பேச வாய் வரவில்லை. நஞ்சராயன் குளம் பறவைகளுக்கு உரியது, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே படகு வேண்டாம். அனுமதி கிடைக்கும் அணையிலோ ஏரியிலோ ஏறுவதையும் விழுவதையும் பழகிவிட்டு மேற்கே போவது நல்லது. கண்ணூர் மாவட்டத்து முழப்பிலங்காட்டில் கடற்கரை நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குச் சரிவு குறைந்த கெட்டி மணல். வெளியே உள்ள பாறைகள் அலையின் கோபத்தைத் தணிக்கின்றன. தென்மேற்குப் பருவம் முடிந்த மாதங்களில் முதல் அலைகளை அங்கே சந்திக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை கடலுக்குத் தடுப்பாக நிற்கின்றன. அமைதியான நீர், ஆனால் அவை 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. செங்குத்துச் சரிவும் உடையும் அலையும் கொண்ட கோவளம், மாமல்லபுரம் பகுதி கடைசியில் வரட்டும். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய பிறகு, அலையைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஒரு தலைமுறையே அங்கே உருவாகியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அந்தப் பிள்ளைகளிடம் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நீரோட்டம் வெளியே இழுக்கிறது, எந்த மாதத்தில் மணல் திட்டு எங்கே நகர்கிறது என்பதெல்லாம் எந்த விவரத்தாளிலும் அச்சாகாது.

ஆகவே என் தீர்ப்பு: முதல் படகு, 70 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள மேலே உட்காரும் கயாக். அதில் இரண்டு பருவம் கழித்து, அலையில் விழுந்து யார் உதவியும் இல்லாமல் ஏற முடிகிறவருக்கு 54 அல்லது 56 சென்டிமீட்டர் சர்ஃப்ஸ்கி. 43 சென்டிமீட்டர் படகு நம் கரையில் மிகச் சிலருக்கே. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. எதை வாங்குவதானாலும் பணம் கட்டும் முன், விற்கிறவரிடம் கேட்டு, கால் எட்டாத நீரில் அந்தப் படகிலிருந்து வேண்டுமென்றே விழுந்து பாருங்கள். மூன்று முறை அடுத்தடுத்து ஏற முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் இன்னும் அகலமான படகைக் கேளுங்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. தண்ணீர் புகாத பையில் போனைப் போட்டு ஜாக்கெட்டோடு கட்டிக்கொள்ளுங்கள், எந்தக் கரையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.